நகரமெங்கும் நடக்கும் ஒலிக்கலை விழா: நிகழ்வுகள் கூடக் கூடக் கேட்பது குறைகிறதா?

தந்திமுனை எழுதியது:

பழைய தொழிற்கூடம், தேவாலயம், நீர்வற்றிய நீச்சல் குளம், சுரங்க நடைபாதை, கச்சேரி அரங்கு என ஒரு நகரத்தின் பல இடங்களை எடுத்துக்கொண்டு நடத்தப்படும், எந்த ஒலியையும் இசையாக்கிப் பார்க்கும் சோதனை இசை விழாக்களைப் பற்றி இங்கே பேசும்போதெல்லாம், யார் அழைக்கப்பட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது நிகழ்ச்சிநிரலின் நெருக்கம்தான். ஒரே மாலையில் இத்தனை இடங்களில் இத்தனை நிகழ்வுகள் என்று பெருமையோடு அறிவிக்கும் விழா, கேட்பவருக்கு வாரி வழங்குவதுபோல் தோன்றினாலும், உண்மையில் அவரை ஓர் இடத்தில் உட்காரவிடாமல் துரத்துகிறது என்பது என் கருத்து.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் உருவாக்கிய ‘நான் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறேன்’ என்ற படைப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அறையில் அமர்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்கிறார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிபெருக்கி வழியே ஒலிக்கவிட்டு, ஒலிப்பதை மீண்டும் பதிவு செய்கிறார். அந்தப் புதிய பதிவை மறுபடியும் ஒலிக்கவிட்டு மறுபடியும் பதிவு செய்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அறையின் அளவுக்கும் வடிவத்துக்கும் இயல்பாக ஒத்ததிரும் அதிர்வெண்கள் வலுப்பெற, மற்றவை தேய்ந்துகொண்டே போகின்றன. முதல் சில சுற்றுகளில் குரல் சற்றுத் தள்ளிப் போனதுபோல் இருக்கும், அவ்வளவுதான். பிறகு வல்லின மெய்களின் கூர்மை மழுங்குகிறது. சொற்கள் இருந்த இடத்தில் சொற்களின் தாளம் மட்டும் எஞ்சுகிறது. இறுதியில் அந்தத் தாளமும் கரைந்து, அறையே நீண்ட சுரங்களாக ஒலிக்கத் தொடங்குகிறது.

அடுத்த இடத்தில் தொடங்கவிருக்கும் நிகழ்வுக்காக ஐந்தாவது சுற்றில் எழுந்து போகிறவருக்கு இந்தப் படைப்பில் கிடைப்பது என்ன? எதிரொலிக்கும் ஒரு பேச்சு மட்டுமே. நகரும் கூட்டம் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் நுழைகிற வெளிச்சத்தமும் பதிவில் ஏறி, அடுத்தடுத்த சுற்றுகளில் அதுவும் பெருகும் என்பது இன்னும் மோசம். அவசரப்படும் பார்வையாளர் தமக்கு மட்டும் இழப்பை ஏற்படுத்திக்கொள்வதில்லை, உட்கார்ந்திருப்பவரின் படைப்பையும் மாற்றிவிடுகிறார்.

ஆகவே, ஒரு மாலைக்கு இரண்டு அல்லது மூன்று படைப்புகள், இடையில் தாராளமான இடைவெளி, ஒரு கட்டடத்தில் ஒரு நேரத்தில் ஒரே படைப்பு என்ற கட்டுப்பாட்டை இத்தகைய விழாக்கள் தாமாகவே விதித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கூட்டத்தில் ஒருவர் எழுதியது:

மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. தாங்கள் விவரிப்பது ஒரு நல்ல கச்சேரி, விழா அன்று. நெருக்கமும் குழப்பமும் இந்தக் கலைக்குப் பின்னாளில் நேர்ந்த விபத்துகள் அல்ல, பிறப்பிலேயே உடன்வந்தவை.

செல்லோ கலைஞர் சார்லட் மூர்மன் 1963-இல் தொடங்கி 1980 வரை, பெரும்பாலும் நியூயார்க்கில், பதினைந்து முறை நடத்திய அவாந்த்-கார்ட் (மரபை மீறும் புதுக்கலை) விழாவை நினைத்துப் பாருங்கள். முதல் விழா ஓர் அரங்குக்குள் நடந்தது. பின்னர் அவர் அதை 1966-இல் சென்ட்ரல் பூங்காவுக்கும், 1967-இல் ஸ்டேட்டன் தீவுப் படகுக்கும், 1973-இல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும், 1974-இல் ஷே விளையாட்டரங்கத்துக்கும் கொண்டுபோனார். வேலைக்குப் போகிற அவசரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடியவர்களும் அதைக் கேட்டார்கள். அவர்களில் யாரும் தொடக்கம் முதல் முடிவு வரை எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த விழா நகரத்துக்கு உரியதாக இருந்தது. தாங்கள் சொல்லும் கட்டுப்பாட்டை மூர்மன் ஏற்றிருந்தால், ஏற்கெனவே இந்த இசையை அறிந்த சில நூறு பேர் ஆண்டுதோறும் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளும் கூடுகையாக அது சுருங்கியிருக்கும்.

எழுந்து போவதைக் குற்றமாகக் கருதாத மரபும் நமக்கு உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் ‘வெக்ஸேஷன்ஸ்’ என்னும் சிறு பியானோத் துணுக்கை 840 முறை தொடர்ந்து வாசிக்கும் நிகழ்வை அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1963-இல் நியூயார்க்கில் ஏற்பாடு செய்தபோது, பியானோ கலைஞர்கள் முறை வைத்துப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக வாசித்தார்கள். நுழைவுக் கட்டணம் 5 டாலர். உள்ளே இருந்த ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்பட்டது. இருப்பதற்கு வேடிக்கையான ஒரு சலுகை கிடைத்ததே தவிர, போவதற்கு யாரும் தடை போடவில்லை. கேட்பவர் வளர்ந்தவர், எதை எவ்வளவு நேரம் கேட்பது என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

மேசைக்குப் பின்னால் எழுதியது:

இருவர் வாதமும் சுவையாக இருக்கிறது. ஆனால், இத்தகைய விழாக்களில் ஒலிக்கலவை மேசையில் அமர்ந்து வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எத்தனை நிகழ்வுகள் வைக்கலாம் என்பதைப் பெரும்பாலும் கலை இயக்குநரின் கொள்கை முடிவு செய்வதில்லை. சுவரும் நேரமும் முடிவு செய்கின்றன.

முதலில் சுவர். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். கனத்த திரைச்சீலை தொங்கவிட்டால் பக்கத்து அறையின் ‘சிஸ்’ என்ற உயர் அதிர்வெண்கள் அடங்கும். தாழ்ந்த அதிர்வெண்களோ திரைச்சீலை அங்கே இருப்பதையே அறியாமல் கடந்துவரும். பழைய தொழிற்கூடங்களைக் கலைக்கூடமாக மாற்றும்போது இடையில் எழுப்பும் சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகைகளாக இருப்பதால், ஓர் அறையில் சப்-ஊஃபர் என்னும் தாழ்சுர ஒலிபெருக்கி முழங்கினால் மறு அறையின் தரையும் கதவின் தாழ்ப்பாளும் சேர்ந்து அதிரும். இந்த ஒலிக்கசிவைக் கருவிகளால் சரிசெய்ய முடியாது. நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதே ஒரே வழி. ஆகவே, ஒரு கட்டடத்தில் ஒரு நேரத்தில் ஒரே படைப்பு என்று தந்திமுனை கேட்பது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தாவிட்டாலும், தாழ்ந்த அதிர்வெண்கள் உள்ள படைப்புகளுக்கு முழுமையாகப் பொருந்தும்.

இரண்டாவது, சவுண்ட் செக். வழக்கமான இசைக்குழு என்றால் எந்த வாத்தியத்துக்கு எந்த மைக் என்பது முன்பே தெரிந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒருவர் நீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஹைட்ரோஃபோன் என்னும் நீரடி மைக்கை இறக்குவார். மற்றொருவர் ஓர் இரும்புத் தகட்டில், அதன் அதிர்வைப் பிடிக்கும் காண்டாக்ட் மைக்கை ஒட்டிவைத்து, ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் மைக்குக்குள் ஏறி அது ஃபீட்பேக்காக ஊளையிடத் தொடங்கும் விளிம்பிலேயே ஒரு மணி நேரம் நிற்க விரும்புவார். அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்பது அறைக்கு அறை மாறும். அதே அறையில் ஆட்கள் நிறைந்தபின் இன்னொரு முறையும் மாறும், ஏனென்றால் மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. காலி அறையில் மாலை நான்கு மணிக்கு அழகாக நின்ற ஃபீட்பேக் சுரம், இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் நிறைந்தபின் எழும்பவே மறுக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே கணித்து ஒத்திகை பார்க்க நேரம் வேண்டும். இவற்றோடு விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரிலிருந்து ஒலிக்கம்பிக்குள் ஏறும் ரீங்காரத்தைத் தேடிப் பிடிக்கிற வேலையும் உண்டு. மிக மெல்லிய படைப்புகளில் அந்த ரீங்காரம்தான் அரங்கிலேயே உரத்த ஒலியாக இருக்கும்.

பாரிஸின் ஜிஆர்எம் என்னும் இசை ஆய்வுக் குழுவின் ஒலிக்கூடத்தில் இசையமைப்பாளர் ஃபிரான்சுவா பேல் 1974-இல் வடிவமைத்த அக்கூஸ்மோனியம் என்னும் ஒலிபெருக்கிக் கூட்டத்தை இங்கே குறிப்பிட வேண்டும். பல அளவுகளிலும் தன்மைகளிலும் உள்ள ஒலிபெருக்கிகள் மேடையிலும் அரங்கைச் சுற்றிலும் நிற்க, பதிவு செய்யப்பட்ட இசையை ஒருவர் நடுவே அமர்ந்து, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை நகர்த்தி அரங்கெங்கும் பரப்புகிறார். பார்ப்பவருக்கு அவர் எதையும் ‘வாசிக்கவில்லை’ என்று தோன்றும். உண்மையில், எந்த ஒலி எந்த மூலையிலிருந்து எழுந்து எங்கே போய் அடங்க வேண்டும் என்பதை அந்த அரங்கிலேயே பலமுறை பழகிய கை அது. இப்படிப்பட்ட நிகழ்வுக்கு இருபது நிமிட ஒத்திகை கொடுத்துவிட்டு, நிகழ்ச்சிநிரலில் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொள்வதை நான் சிக்கனம் என்று சொல்ல மாட்டேன்.

புதிய காது எழுதியது:

மூவருக்கும் வணக்கம். இத்தகைய விழாவுக்கு அண்மையில்தான் போகத் தொடங்கியிருக்கிறேன். என் ஐயம் இதைவிட அடிப்படையானது. இசை தெரிந்தவர் ஒருவர் சுருதி விலகிப் பாடினால் எனக்குப் புரியும்; ஆனால், ஒருவர் மடிக்கணினியின் முன் நின்று இரைச்சலை எழுப்பும்போது, அது சிறப்பாக நடக்கிறதா, சொதப்புகிறதா என்பதை எதை வைத்து அறிவது? எல்லாம் சோதனை என்று சொல்லிவிட்டால் தோல்வி என்ற ஒன்றே இருக்க முடியாதே?

ஏட்டுச்சுவடு எழுதியது:

புதிய காது கேட்ட கேள்வி நியாயமானது. இந்த வட்டாரத்தில் பழகியவர்கள் அதைப் பெரும்பாலும் ஒரு புன்னகையோடு தட்டிக்கழித்துவிடுகிறார்கள்.

இரைச்சலை இசைக்குள் கொண்டுவரும் கோரிக்கைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913-இல் ‘இரைச்சல்களின் கலை’ என்ற அறிக்கையை எழுதி, உறுமவும் கீச்சிடவும் வெடிக்கவும் செய்யும் பெட்டிகளைத் தாமே செய்தார். 1914-இல் மிலானில் அவற்றைக் கொண்டு கச்சேரி நடத்தியபோது அரங்கில் கைகலப்பே நடந்தது. 1948-இல் பிரெஞ்சு ஒலிப்பொறியாளர் பியேர் ஷேஃபர் பாரிஸ் வானொலியில் ரயில் ஒலிகளைப் பதிவு செய்து, வெட்டி, சுழலவிட்டு அவற்றை இசையாக்கினார். ஆக, எந்த ஒலியும் இசைக்குப் பொருளாகலாம் என்பது தீர்ந்துபோன வழக்கு. ஆனால், எந்த ஒலியும் பொருளாகலாம் என்பதால் எதைச் செய்தாலும் படைப்பாகிவிடும் என்று பொருளில்லை.

இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டி 1962-இல், தாள வேகத்தை டிக் டிக் என்று அடித்துக் காட்டும் நூறு மெட்ரோனோம் கருவிகளுக்காக எழுதிய ‘சிம்பொனிக் கவிதை’யைப் பாருங்கள். சாவி கொடுத்து முடுக்கப்பட்ட நூறு கருவிகளும் வெவ்வேறு வேகத்தில் ஒரே நேரத்தில் ஓடவிடப்படுகின்றன. தொடக்கத்தில் தனித்தனி அடிகளைப் பிரித்தறியவே முடியாது. கூரையில் விழும் பெருமழைபோல் ஒரே திரளாக இருக்கும். சில கருவிகள் சாவி தீர்ந்து நின்றதும் திரளில் சிறு ஓட்டைகள் விழுகின்றன. கருவிகள் குறையக் குறைய, யாரும் எழுதிவைக்காத தாளக் கோலங்கள் எழுந்து, ஒன்றோடொன்று பின்னி, விலகுகின்றன. கடைசியில் ஐந்து, மூன்று, பிறகு ஒன்று. அந்த ஒன்றும் நிற்கும்வரை அரங்கம் காத்திருக்கும். ஒருவர்கூட எதையும் ‘வாசிக்காத’ இந்தப் படைப்பில் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் எவ்வளவு திட்டமாக இருக்கின்றன என்று கவனியுங்கள். 1963-இல் நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகர மன்றத்தில் இது முதலில் நிகழ்த்தப்பட்டபோது ஏற்பாடாகியிருந்த தொலைக்காட்சி ஒளிபரப்பு கைவிடப்பட்டு, அந்த இடத்தில் கால்பந்தாட்டம் காட்டப்பட்டது என்பது வேறு கதை.

நான் கேட்கும்போது என்னிடமே கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த ஒலி, தான் தொடங்கி வைத்த விதியின்படி எங்காவது போகிறதா? நிகழ்த்துபவர் தாம் எழுப்பியதைத் தாமே கேட்டு அதற்கு விடையளிக்கிறாரா, அல்லது முன்பே முடிவு செய்ததை நம்மீது இறக்கிவிட்டுப் போகிறாரா? கூர்ந்து கவனித்தால் இந்த வேறுபாடு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மேடையில் புகையை நிரப்பி, சப்-ஊஃபரை முழுக்க ஏற்றி, நாற்பது நிமிடமும் ஒரே தளத்தில் நிற்கும் நிகழ்வுகள் நிறைய உண்டு. அவை தோல்விகள்தாம், அப்படிச் சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை.

நடைபாதை எழுதியது:

இதுவரை எல்லோரும் நுழைவுச்சீட்டு வாங்கியவரைப் பற்றியே பேசினீர்கள். நகரத்து விழா என்றால் வாங்காதவரும் கேட்கிறார். கண்ணைப்போல் காதுக்கு இமை இல்லை. தெருவில் ஒலிப்பது அதை விரும்பாதவர் வீட்டுக்குள்ளும் போகும்.

இதில் ஒரு முனையில் நிற்பவர் ரஷ்ய இசையமைப்பாளர் ஆர்செனி அவ்ராமோவ். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று பாகு நகரில் அவர் நடத்திய ‘சங்குகளின் சிம்பொனி’யில் தொழிற்சாலைச் சங்குகள், கப்பல்களின் மூடுபனிக் கொம்புகள், பீரங்கிகள், பாடகர் கூட்டம் என நகரமே வாத்தியமாக்கப்பட்டது, நடத்துநர் கொடியசைத்துக் குறிப்புக் கொடுத்தார். பிரமிப்பூட்டும் முயற்சிதான், ஆனால் அந்நகரில் அன்று கேட்காமல் இருக்கும் உரிமை யாருக்கும் இருந்திருக்காது.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரம் 1979-இல் ஆர்ஸ் எலக்ட்ரானிகா என்னும் மின்னணுக் கலை விழாவை முதன்முறை நடத்தியபோது இதைச் சற்று நயமாகச் செய்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் பெரும் ஒலிபெருக்கிகள் வழியே புரூக்னரின் எட்டாம் சிம்பொனி பரப்பப்பட்டபோது, நகரவாசிகள் தங்கள் வானொலிப் பெட்டிகளை ஜன்னலில் வைத்து அதில் பங்கெடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

மறுமுனையில் அமெரிக்க ஒலிக்கலைஞர் மாக்ஸ் நியூஹாஸ். 1977-இல் அவர் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைத்திட்டின் இரும்புக் கம்பி வலைக்கு அடியில் ஒலிக்கருவிகளை நிறுவினார். மேலே நடப்பவருக்கு மணியின் அதிர்வு அடங்காமல் நீள்வதுபோன்ற ஒரு கார்வை கேட்கும். பெயர்ப்பலகை இல்லை, அறிவிப்பு இல்லை. நிலத்தடி ரயில்பாதையின் இயந்திர ஓசை என்று நினைத்துக் கடந்துபோனவர்களே பெரும்பான்மையினர். நின்று கவனித்தவருக்கு மட்டும் அது படைப்பாயிற்று. 1992-இல் நிறுத்தப்பட்டு, 2002-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

ஜெர்மன் ஒலிக்கலைஞர் கிறிஸ்டினா கூபிஷின் மின்காந்த நடைகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடக்கின்றன. தூண்டல் சுருள்கள் பொருத்திய ஹெட்ஃபோனை அணிந்துகொண்டு தெருவில் நடந்தால், பணம் வழங்கும் இயந்திரம், கடைவாசலின் திருட்டுத் தடுப்புக் கதவு, டிராம் கம்பி, விளம்பர விளக்கு ஆகியவற்றின் மின்காந்தப் புலங்கள் துடிப்பும் ரீங்காரமுமாகக் கேட்கும். பக்கத்தில் நடப்பவருக்கு ஒன்றும் கேட்காது; நகரத்தின் இரைச்சலில் ஒரு துளிகூடக் கூடவில்லை. நகர விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் இன்னும் காணவில்லை.

கூட்டத்தில் ஒருவர் எழுதியது:

நடைபாதை அவர்களின் பட்டியலில், மெல்லியது நல்லது, உரத்தது அத்துமீறல் என்றொரு சாய்வு தெரிகிறது. அதை நான் ஏற்கவில்லை. உரப்பும் இந்தக் கலையின் மூலப்பொருள்களில் ஒன்று. அடிவயிறும் விலா எலும்பும் அதிரும்போது காதால் மட்டும் கேட்டுப் பெற முடியாத அனுபவம் ஒன்று கிடைக்கிறது. அதைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். எல்லா விழாவும் தியான மண்டபமாகிவிட்டால் இந்தக் கலைக்கு இளைஞர்கள் வர மாட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் அவர்களிடம் ஒரு கேள்வி: பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வைத்துக்கொண்டே உரத்த நிகழ்வை நடத்த முடியுமா, முடியாதா?

மேசைக்குப் பின்னால் எழுதியது:

முடியும். தொழிலிடங்களுக்கு அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். இசை அரங்குகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அதோடு அளவைத் தொடர்ந்து கண்காணிக்கவும், காதடைப்பான்கள் கிடைக்கச் செய்யவும், அமைதியான ஓர் இடத்தை ஒதுக்கவும் சொல்கிறது. சராசரி என்பதால், கணநேர உச்சங்களுக்குப் போதிய இடம் இருக்கிறது. உடலில் அதிர்வாக உணரப்படும் தாழ்ந்த அதிர்வெண்களைவிட 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்குத்தான் காது மிகக் கூர்மையாக இருக்கிறது; அந்தப் பகுதியைச் சற்றுத் தணித்தாலே, விலா எலும்பு அதிரும் அனுபவத்தை இழக்காமல் அளவுக்குள் நிற்கலாம். இதைக் கலைஞரோடு முதல் நாளே பேச வேண்டும். நிகழ்வின் நடுவில் ஃபேடரை இறக்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

தந்திமுனை எழுதியது:

மூர்மனின் விழாவைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால், ரயில் நிலையத்தில் நடப்பதற்கென்றே அமைந்த நிகழ்வும், மூடிய அறையில் முழுதாகக் கேட்பதற்கென்று அமைந்த படைப்பும் ஒரே நிரலில் ஒரே எழுத்தளவில் அச்சாகும்போதுதான் கேட்பவர் திணறுகிறார். போகிறபோக்கில் கேட்கலாம் என்றால் அப்படியே போட்டுவிடுங்கள். 52 நிமிடம், தொடங்கியபின் கதவு திறக்கப்படாது என்றால் அதையும் போடுங்கள். மிக உரத்தது என்பதையும் போடுங்கள். அப்படி அச்சிட்டுவிட்டால் முப்பது நிகழ்வுகள் இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டிய இரண்டை நான் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். புதிய காது அவர்களும் முதல் மாலையில் கதவு திறக்கப்படாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முடிவுவரை இருந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடைவெளி பற்றிய என் கோரிக்கையை மட்டும் விட்டுக்கொடுப்பதாயில்லை.

மேசைக்குப் பின்னால் எழுதியது:

இடைவெளியை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உரத்த நிகழ்வுக்குப் பிறகு கேள்திறன் தற்காலிகமாகக் குறைகிறது. பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அரை மணி நேர இடைவெளி கால்களுக்குப் போதும், காதுகளுக்குப் போதாது. அதனால், ஃபீட்பேக் விளிம்பில் நிற்கும் மெல்லிய சுரமோ, லூசியரின் அறையோ நிரலில் இருந்தால் அதை மாலையின் முதல் நிகழ்வாக வைத்து, சப்-ஊஃபர்களைக் கடைசிக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். கலை இயக்குநர்கள் பெரும்பாலும் புகழ்பெற்றவரைக் கடைசியில் வைக்கும் வழக்கத்தை விடுவதில்லை. அவர் மெல்லிய இசைக்காரராக இருந்தால் அன்றைய அரங்கில் பாதிப் பேருக்கு அவருடைய முதல் பத்து நிமிடம் சரிவரக் கேட்பதே இல்லை.